‘போதும்’ என்று சொல்வது தசையா, மனமா?

பதினைந்து முறை பஸ்கி எடுக்க வேண்டும். ஒன்பதாவதில் தொடை எரியத் தொடங்குகிறது, மூச்சு இரைக்கிறது. பத்தாவதுக்குள் உள்ளே ஒரு குரல் கிளம்பிவிடுகிறது: “இன்றைக்கு இது போதும்.” சிலருக்கு அது இன்னும் கடுமையாகப் பேசும்: “உனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது.” உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். “நேர்மறையாகச் சிந்தியுங்கள்” என்ற அறிவுரை அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. தொடை எரிந்துகொண்டிருக்கும்போது எதைச் சிந்திப்பது, சிந்தித்தால் எரிச்சல் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டால், சுவரில் ஒட்டிய வாசகத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த வாசகங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் கட்டுரையில் நேர்மறைச் சிந்தனை என்று நான் சொல்வது சற்றுக் குறுகலான ஒன்று. கடினமான பயிற்சியின் நடுவே உடல் அனுப்பும் செய்திகளை மனம் எப்படிப் படிக்கிறது, அந்தப் படிப்பை எப்படித் திருத்தலாம் என்பதே அது. அதற்கு, முதலில் நாம் ஏன் நிறுத்துகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறுத்தச் சொல்வது யார்?

தசையில் சக்தி தீர்ந்துபோகிறது, லாக்டிக் அமிலம் தேங்குகிறது, அதனால் நின்றுவிடுகிறோம்: பொதுவாக நாம் கேள்விப்பட்டிருக்கும் விளக்கம் இது. 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில் போன்றவர்களின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த பார்வை. அதில் உண்மை உண்டு. முழு உண்மையும் அதில் அடங்கிவிடவில்லை.

உடற்பயிற்சி ஆய்வாளர்கள் சாமுவேலே மார்கோரா, வால்டர் ஸ்டையானோ இருவரும் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். ரக்பி விளையாடும் பத்து ஆண்கள், இனி ஒரு மிதிகூட முடியாது என்ற நிலை வரும்வரை உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட திறன், அதாவது விநாடிக்குச் செலுத்த வேண்டிய ஆற்றல், சுமார் 242 வாட். ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் ஓய்ந்துபோனார்கள். ஓய்ந்த கையோடு, ஐந்தே விநாடி முழு பலத்துடன் மிதிக்கச் சொன்னார்கள். கிடைத்த சராசரி 731 வாட்! 242 வாட்டுக்கே முடியவில்லை என்று நின்ற கால்கள், சில விநாடிகளுக்குள் அதைப்போல மூன்று மடங்கைத் தந்தன.

ஐந்து விநாடி வேறு, பத்து நிமிடம் வேறு என்று இந்தச் சோதனையை மறுத்துப் பேசும் உடலியல் அறிஞர்கள் உண்டு. களைப்பில் தசையின் பங்கு எவ்வளவு, மூளையின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பயிற்சியை இப்போதுதான் தொடங்கியிருப்பவர் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. “முடியவில்லை” என்று தோன்றும் கணத்தில் உடலில் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்பது தெரிந்தால் அவருக்குப் போதும்.

அப்படியானால் எதை வைத்து நிறுத்துகிறோம்? “இது எவ்வளவு கடினமாக இருக்கிறது” என்ற உணர்வை வைத்து. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் இந்த உணர்வுக்கு ஓர் அளவுகோலே உருவாக்கினார். 6 என்றால் எந்தச் சிரமமும் இல்லை. 20 என்றால் இதற்கு மேல் இல்லை. ஏன் 6இல் தொடங்குகிறது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் இதயத் துடிப்புக்கு ஓரளவு அருகில் வர வேண்டும் என்பது அவர் எண்ணம். பின்னர் 0 முதல் 10 வரையிலான எளிய வடிவமும் வந்தது. “பத்துக்கு எத்தனை கஷ்டம்?” என்று பயிற்சியாளர்கள் கேட்பது இந்த வழியில் வந்த கேள்விதான்.

இந்த எண் உடலை மட்டும் பார்த்து எழுதப்படுவதில்லை. 2009இல் மார்கோரா குழுவினர் செய்த இன்னொரு சோதனை இதைக் காட்டியது. பதினாறு பேர் ஒரு நாள் 90 நிமிடம் கணினி முன் அமர்ந்து, கவனத்தைச் சிதறவிடாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செய்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் ரயில்களையும் கார்களையும் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்தார்கள். இரண்டு நாளும் அதன்பிறகு சைக்கிள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியில் நின்றுவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. மாறியது ஒன்றே: மூளை களைத்த நாளில் தொடக்கத்திலிருந்தே அதே வேலை கடினமாகத் தெரிந்தது.

நாள் முழுவதும் கணக்கு வழக்கோடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் ஓடப் போகிறவர், வழக்கமான தூரமே கால் கடுக்கச் செய்வதைக் கண்டு “உடம்பு விட்டுப்போய்விட்டது” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த ஒரு தகவலை மனதில் வைத்திருப்பதே பாதி நேர்மறைச் சிந்தனை என்பேன். உடலில் குறை காண்பதற்கு முன், அன்றைய மனக் களைப்பை நினைத்துப் பார்க்க அது வழி செய்கிறது.

சொற்களுக்கு இங்கே என்ன வேலை?

கடினம் என்ற உணர்வை மனக் களைப்பு ஏற்ற முடியும் என்றால், வேறு ஏதாவது அதை இறக்கவும் முடியுமா? 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. அந்தோனி பிளான்ச்ஃபீல்டும் மார்கோராவும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்தது. இருபத்துநான்கு பேரை முதலில் களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு பாதிப் பேருக்குத் தமக்குத் தாமே பேசிக்கொள்ளும் பயிற்சி தரப்பட்டது. தாங்கள் வழக்கமாகச் சொல்லிக்கொள்வதை எழுதி, அதிலிருந்து நான்கு ஊக்க வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். சில வாக்கியங்கள் பயிற்சியின் நடுப்பகுதிக்கு, சில கடைசிக் கட்டத்துக்கு. இரண்டு வாரம் அவற்றைத் தங்கள் வழக்கமான பயிற்சிகளில் பயன்படுத்திப் பழகினார்கள்.

மீண்டும் சைக்கிள் ஏறியபோது இந்தக் குழுவின் சராசரி 637 விநாடியிலிருந்து 751 விநாடியாக உயர்ந்தது, ஏறத்தாழ 18 சதவீதம். வாக்கியம் பழகாத குழுவில் மாற்றம் இல்லை. என்னைக் கவர்ந்தது வேறொரு தகவல். பாதி வழியில் “எவ்வளவு கடினம்” என்று கேட்டபோது, பழகியவர்கள் முன்பைவிடக் குறைவான எண்ணைச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதிக வேதனையைத் தாங்கினார்கள் என்று இதைப் படிக்க முடியாது. அதே சுமை அவர்களுக்குச் சற்று இலகுவாகவே தெரிந்தது.

சிறிய ஆய்வு, ஆய்வுக்கூடத்துக்குள், சைக்கிளில் நடந்தது. உங்கள் தண்டாலும் 18 சதவீதம் கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதன் செய்முறை கவனிக்கத் தக்கது. வாக்கியத்தை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள், முன்கூட்டியே எழுதினார்கள், இரண்டு வாரம் பழகினார்கள். பிறர் எழுதிய வாசகத்தைச் சுவரில் பார்ப்பதில் இந்த மூன்றுமே கிடையாது.

உங்களுக்கான வாக்கியம்

வாக்கியம் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: இப்போது உங்களுக்குள் ஓடும் வாக்கியத்தைப் பிடிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும், குளிக்கப் போகும் முன், மிகவும் கடினமான கட்டத்தில் மனம் என்ன சொன்னது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். நாலைந்து முறை எழுதினால் ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலருடையது ஆரூடம்: “இன்னும் இருபது நிமிடமா, தொலைந்தேன்.” சிலருடையது தீர்ப்பு: “எனக்கு உடம்பு வணங்காது.” சிலர் அடுத்தவரைப் பார்ப்பார்கள்: “பக்கத்தில் இருப்பவருக்கு வியர்க்கக்கூட இல்லை.”

ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வேறு. ஆரூடம் சொல்லும் மனதுக்கு நேரத்தைச் சுருக்கிக் காட்ட வேண்டும்: “இந்த ஒரு நிமிடம் மட்டும்.” தீர்ப்பு சொல்லும் மனதுக்குச் சான்று காட்ட வேண்டும்: “போன வாரம் எட்டில் நின்றேன், இன்று பத்தைத் தாண்டிவிட்டேன்.” இதற்காகவாவது ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பது நல்லது, ஞாபகத்திலிருந்து எடுக்கும் சான்றை மனம் எளிதாக மறுத்துவிடும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தானே செய்து முடித்த அனுபவத்தை அதன் வலுவான ஊற்றாகக் கருதினார். பிறர் தரும் பாராட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால்தான், தொடக்கக் காலத்தில் எட்டக்கூடிய இலக்கை வைக்கச் சொல்கிறார்கள். எடுத்த எடுப்பில் ஐம்பது தண்டால் என்று எழுதிக்கொண்டு பன்னிரண்டில் விழுந்தால், மனம் சேமிப்பது தோல்வியின் சான்று. பன்னிரண்டு என்று எழுதி பதின்மூன்று எடுத்தால் கதையே வேறு. உடல் செய்தது ஏறக்குறைய ஒரே வேலை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தவரைப் பார்க்கும் மனதுக்கு மறுமொழி தேட நான் சிரமப்படுவதில்லை. இடத்தை மாற்றி நின்றுகொண்டால் போதும்.

வாக்கியத்துக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை, அது நம்பும்படி இருக்க வேண்டும். “என்னை யாராலும் வெல்ல முடியாது” என்று பத்தாவது பஸ்கியில் சொல்லிப் பாருங்கள், மனம் சிரித்துவிடும். “வலியே இல்லை” என்பதும் அப்படித்தான், தொடை உடனே மறுக்கும். “மூச்சு வாங்குகிறது, ஏனென்றால் வேலை நடக்கிறது” என்பதை மறுக்க இடமில்லை. “இந்தக் கட்டம் கடினமாக இருக்கும் என்று தெரிந்துதான் வந்தேன்” என்பதும் உண்மை. முதல் வாக்கியம் மூச்சிரைப்பை அபாயச் செய்தியாகப் படிக்காமல் வேலை நடப்பதன் அடையாளமாகப் படிக்கிறது. உணர்வு அதேதான். அது வந்துவிட்டதே என்ற பதற்றம் மட்டும் குறைகிறது. அந்தப் பதற்றமும் ஒரு சுமைதான்.

இரண்டாவது, குட்டையாக இருக்க வேண்டும். மூச்சிரைக்கும்போது நீண்ட வாக்கியம் நினைவுக்கு வராது. ஒரு வெளிமூச்சுக்குள் சொல்லி முடிக்க முடிகிற அளவு சரியாக இருக்கும்.

புதிதாக ஓர் அசைவைக் கற்கும் நாட்களில் ஊக்க வாக்கியத்தைவிடச் செய்முறை வாக்கியமே கைகொடுக்கும். “குதிகாலை ஊன்று, மார்பை நிமிர்த்து” என்று சொல்லிக்கொண்டே பஸ்கி எடுப்பவரின் மனதில் “எப்போது முடியும்” என்ற கேள்விக்கு இடம் குறைவு. அசைவும் திருந்துகிறது. அசைவு பழகி, சுமை மட்டும் கூடும்போது ஊக்க வாக்கியத்துக்கு மாறலாம்.

“நான்” என்று சொல்லிக்கொள்வதா, “நீ” என்று சொல்லிக்கொள்வதா? வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்வியையும் சோதித்திருக்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் “உன்னால் முடியும்” என்ற வகையில் பேசிக்கொண்டபோது, “என்னால் முடியும்” என்று பேசிக்கொண்டபோதைவிட வீரர்கள் வேகமாக முடித்தார்கள். தன்னிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்று பேசும்போது அறிவுரை எளிதில் ஏறுகிறது போலும். தமிழ்ப் பாடல்கள் “நெஞ்சே” என்று விளித்துப் பேசிப் பழகியவை. நமக்கு இது புதிதல்ல.

மனக்கோட்டை கட்டுவது வேறு

நேர்மறைச் சிந்தனை என்ற பெயரில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது இன்னொன்று: கண்ணை மூடி, மெலிந்து உறுதியான உடலோடு இருக்கும் உங்களைக் கற்பனை செய்யுங்கள் என்பது. இதைப் பற்றி எச்சரிக்கை தேவை. உளவியலாளர்கள் கப்ரியேல் ஓட்டிங்கன், தாமஸ் வாடன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களின் எதிர்பார்ப்பையும் பகற்கனவையும் தனித்தனியே அளந்தார்கள். எடை குறையும் என்று உறுதியாக எதிர்பார்த்தவர்கள் அதிகமாகக் குறைத்தார்கள். எல்லாம் இனிதே நடப்பதாகக் கனவு கண்டவர்கள் ஓராண்டுக்குப் பிறகு பார்க்கும்போது குறைவாகவே குறைத்திருந்தார்கள். கனவில் அடைந்துவிட்ட இலக்குக்காக உடல் எதற்கு எழுந்து ஓட வேண்டும்?

ஓட்டிங்கன் பின்னாளில் வலியுறுத்திய முறை எளிமையானது. விரும்புவதை நினையுங்கள், அது நடந்தால் கிடைக்கும் நன்மையை நினையுங்கள். உடனே, அதற்குக் குறுக்கே நிற்கப்போகும் உங்கள் சொந்தத் தடையையும் நினையுங்கள். பிறகு, அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு வரி முடிவு செய்யுங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், முறையின் உயிரே அதில் இருக்கிறது. “வீட்டுக்குள் நுழைந்ததும், உட்காரும் முன் ஓட்டக் காலணியை மாட்டிவிடுவேன்.” “நடுவில் நிற்கத் தோன்றினால், ஒரு நிமிடம் வேகத்தைக் குறைத்து ஓடிவிட்டு அப்புறம் முடிவெடுப்பேன்.” “இது வந்தால் இதைச் செய்வேன்” என்ற வடிவம்.

எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதிவைப்பதற்கே எவ்வளவு வலு என்பதற்கு 2002இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. மாணவர்கள் மூன்று குழு. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. இன்னொன்றுக்கு உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று விளக்கி ஊக்கம் தரப்பட்டது. மூன்றாவது குழு அந்த ஊக்கத்தோடு, எப்போது எங்கே பயிற்சி செய்வோம் என்றும் எழுதியது. அடுத்த வாரம் பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், ஊக்கம் மட்டும் பெற்ற குழுவில் 35 சதவீதம், எழுதிவைத்த குழுவில் 91 சதவீதம். ஊக்கப் பேச்சு மட்டும் பெற்றவர்கள், எதுவும் கேட்காதவர்களைவிட ஒரு படிகூட முன்னே போகவில்லை.

நடுவழியிலும் கடைசியிலும்

பாட்டுக் கேட்டுக்கொண்டே, வேறு எதையாவது யோசித்துக்கொண்டே செய்தால் தெரியாது என்பார்கள். மிதமான வேகத்தில் அது உண்மை. பேச முடியாத அளவு மூச்சு வாங்கும் கட்டத்தில் உடலின் சத்தம் பாட்டை அமுக்கிவிடும். கவனத்தைத் திருப்பும் தந்திரங்கள் அங்கே எடுபடுவது குறைவு. அந்த நேரத்தில் கவனத்தை உள்ளேயே திருப்பி, மூச்சின் சீர், காலடியின் தாளம் என்று குறிப்பான ஒன்றில் வைப்பது நல்லது. மீதமிருக்கும் மொத்தத்தை எண்ணினால் மலைப்புத் தட்டும். அடுத்த ஐந்தை எண்ணுங்கள்.

முகத்தையும் தளர்த்துங்கள். கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை ஓடினார். கடினமான கட்டங்களில் புன்னகைப்பது அவர் அறிந்தே செய்யும் பழக்கம். 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்விலும், சிரித்த முகத்தோடு ஓடியபோது ஓட்டக்காரர்கள் முகத்தைச் சுளித்து ஓடியபோதைவிடச் சுமார் 2.8 சதவீதம் குறைவான ஆக்சிஜனைச் செலவிட்டார்கள். இதைப் பெரிய மருந்தாக நான் விற்கமாட்டேன். ஆனால் இறுகிய தாடையையும் காதுவரை ஏறிய தோளையும் இறக்கிவிடச் செலவு ஒன்றுமில்லை.

கடைசிக் கட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது இன்னும் பயன் தரும். ஓர் அனுபவத்தை நாம் நினைவில் வைப்பது அதன் உச்சத்தையும் முடிவையும் கொண்டுதான் என்பது உளவியலாளர் டேனியல் கானமன் உள்ளிட்டோர் காட்டிய விஷயம். 2016இல் இதைப் பயிற்சியில் சோதித்தார்கள். ஒரு குழு பதினைந்து நிமிடச் சைக்கிளை எளிதாகத் தொடங்கிக் கடினமாக முடித்தது. இன்னொரு குழு கடினமாகத் தொடங்கி எளிதாக முடித்தது. வேலை சமம். எளிதாக முடித்தவர்களே பின்னால் அதை இனிமையாக நினைவுகூர்ந்தார்கள், அடுத்த பயிற்சியையும் இனிமையாக எதிர்பார்த்தார்கள். ஆகவே வார்ம்-அப் முடிந்ததும் கடினமானதை முன்பகுதியில் வையுங்கள். பிடித்ததையும் எளிதானதையும் கடைசிக்கு விடுங்கள். நாளை மறுநாள் உங்களை மறுபடி வரவைக்கும் மனநிலை இன்றைய கடைசி ஐந்து நிமிடத்தில் உருவாகிறது.

பேச்சுவார்த்தை கூடாத வலி

இதுவரை சொன்னதெல்லாம் தசை எரிச்சல், மூச்சிரைப்பு, அலுப்பு ஆகியவற்றுக்கு மட்டும். மார்பில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது, இதயம் தாறுமாறாக அடிப்பது, மூட்டில் குத்துவதுபோன்ற கூரிய வலி: இவற்றில் எது வந்தாலும் எந்த வாக்கியமும் சொல்லிக்கொள்ளாமல் நிறுத்துங்கள். மார்பு வலியும் மயக்கமும் ஓய்வுக்குப் பிறகு காத்திருந்து பார்க்கும் விஷயங்கள் அல்ல, உடனே மருத்துவ உதவி தேவை. இதய நோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடுமையான பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு “மன உறுதி” காட்டுவதும் வேண்டாத வேலை.

வித்தியாசம் எப்படித் தெரியும்? எரிச்சல் தசை முழுவதும் பரவலாக இருக்கும், நிறுத்திய ஓரிரு நிமிடங்களில் தணியும். காயத்தின் வலி பெரும்பாலும் ஒரு புள்ளியில் நிற்கும், நிறுத்தினாலும் போகாது, அசைவையே மாற்றி நொண்ட வைக்கும்.

மறுநாள் வரும் உடல்வலி மூன்றாவது வகை. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு அது 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் அதற்குக் காரணமில்லை, அது பயிற்சி முடிந்த சிறிது நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். படி இறங்கும்போது தொடை பிடித்துக்கொண்டால், அன்றைக்கு லேசான நடையோ வேறு தசைகளுக்கான பயிற்சியோ செய்யலாம். வலி மிகக் கடுமையாகி, தசை வீங்கி, சிறுநீர் கருத்த நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; தசை சிதைவின் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.